வேகமாகப் படம் பிடித்த களைத்த மனிதர்

தொலைபேசி அடித்தபோது நான் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் அம்மாதான் தொலைபேசியை எடுப்பார். எடுத்ததும் இங்கிலீஷ். எதிர்முனையில் மீன்காரரே இருந்தாலும் முதலில் இங்கிலீஷ்தான். அன்றும் அப்படித்தான் தொடங்கினார். பிறகு "யெஸ், யெஸ்" என்றார். கடைசியில், "ஐயோ, எப்ப?" என்று கேட்டார். அம்மா இங்கிலீஷில் தொடங்கித் தமிழில் முடித்தால் யாரோ இறந்துவிட்டார்கள் என்று அர்த்தம். நான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

"ஆனந்தராஜா தவறிட்டாராம் பிள்ளை."

ஜன்னல் மூடியிருந்தது. கடலுக்கு அப்பாலிருந்து இந்தப் புகைமூட்டம் வந்ததிலிருந்து, பினாங்கு ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடியில் எல்லா ஜன்னல்களும் மூடித்தான் இருக்கின்றன. நாலாவது மாடியிலிருந்து பார்த்தால் வழக்கமாகக் கடல் தெரியும். இப்போது எதிர்வீட்டுத் துணிக்கொடிகூடத் தெரிவதில்லை. நான் எழுந்துபோய், எதையோ பார்க்கப் போகிறவள்போல, அந்த மூடிய ஜன்னல் அருகில் நின்றேன்.

மருத்துவமனையில் ஸ்கேன் எடுக்கும் ஆனந்தராஜா, அன்றைய கடைசி நோயாளியை அனுப்பிவிட்டு, ஸ்கேன் அறைக்கு வெளியே கணினியின் முன்னால் இருக்கும் தன் நாற்காலியில் உட்கார்ந்தவர், பிறகு எழவில்லை. அவர் அந்த நாற்காலியில் கண்ணயர்வது எல்லாருக்கும் பழக்கமான காட்சி. அதனால் யாரும் எழுப்பவில்லை. தாதி கமலா அக்கா விளக்கைக்கூடக் குறைத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்த மருத்துவமனையில் அவரோடு வேலை செய்து, இந்த நினைவு மலரை வாசிக்கும் நீங்கள் இதை நினைத்து இன்னும் வருந்துகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். வருந்தாதீர்கள். நானாக இருந்தாலும் எழுப்பியிருக்க மாட்டேன். அந்த மனிதருக்குத் தூக்கம் கிடைப்பதே அபூர்வம்.

இந்த நினைவு மலருக்கு என்னை எழுதச் சொன்னவர் அவருடைய அக்கா, கெப்பாலா பத்தாஸிலிருந்து வந்தவர். "எல்லாரும் இங்கிலீஷில எழுதித் தந்திட்டினம். தமிழில ஒண்டாவது வேணும். நீ எழுது. அவனோட சரிக்குச் சரி சண்டை பிடிச்ச ஆள் நீதானே" என்றார். எனக்குப் பதினாறு வயது. நாலாம் படிவம். தலையில் தையல் போட்ட இடத்தில் முடி தேங்காய்ப்பூத் துவாலை மாதிரி குட்டையாக நிற்கிறது. அரைப் பக்கம் எழுதினால் படுத்துவிட வேண்டும். ஆகவே இந்தக் கட்டுரையில் நான் பல இடங்களில் படுத்து எழுந்திருக்கிறேன். எந்தெந்த இடம் என்று கண்டுபிடிப்பவர்களுக்குப் பரிசு எதுவும் இல்லை.

*

அவரிடம் நான் போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் கைதட்டல். பள்ளியில் திங்கட்கிழமைக் காலைக் கூட்டத்தில் மேடையில் அறிவிப்பு வாசித்துக்கொண்டிருந்தேன். நடுவில் சொற்கள் நின்றுவிட்டன. வாய் திறந்திருக்கிறது, சொல் வரவில்லை. வலது கை தானாக ஆடியது. முழுப் பள்ளியும் சிரித்தது. ஆசிரியர்களைப்போல் பேசிக்காட்டுவதில் நான் பேர்போனவள் என்பதால் இதுவும் ஒரு சேட்டை என்று நினைத்துவிட்டார்கள். கைதட்டினார்கள். நான் விழுந்த பிறகும் கொஞ்ச நேரம் தட்டினார்கள்.

அது வலிப்பு என்று மருத்துவர்கள் சொன்னார்கள். இடது நெற்றிப்பொட்டுக்கு உள்ளே ஒரு கட்டி இருந்தது. அறுவை செய்யப்போகும் டாக்டர் தியோ நேராகப் பேசுகிறவர். கட்டி இருக்கும் பக்கத்தில்தான் பெரும்பாலானவர்களுக்குப் பேச்சும் இருக்கிறதாம், ஆனால் எந்த மூலையில் என்பது ஆளுக்கு ஆள் மாறுமாம். "உன் பேச்சு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் நான் கத்தியை எடுக்க மாட்டேன்" என்று மலாயும் இங்கிலீஷும் கலந்து சொன்னார். அப்பா தலையாட்டினார். அம்மா கைப்பையைத் திறந்து மூடினார். எனக்கு மட்டும், வாயை வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் ஊரை வம்புக்கு இழுத்தவளுக்கு, வாயே போய்விடலாம் என்பது அப்போதுதான் உறைத்தது.

மூளை வேலை செய்யும்போதே அதைப் படம் பிடிக்கும் வித்தை அப்போது பினாங்கில் ஒருவருக்குத்தான் தெரியும் என்று எங்களை அனுப்பிவைத்தார்கள். போனோம். கதவைத் திறந்தால் பருத்த உடம்பு, கசங்கிய சட்டை, கண்ணுக்குக் கீழே இரண்டு பை. "வாங்கோ. நான் ஆனந்தராஜா. களைச்சுப்போனன், குறை நினைக்காதேங்கோ" என்றார். வணக்கத்துக்குப் பதிலாகக் களைப்பைச் சொல்லும் மனிதரை அன்றுதான் முதலில் பார்த்தேன். அவர் பின்னால் ஒரு பெரிய வெள்ளைக் குழாய் இருந்தது. அது முழுக்கக் காந்தம், கொண்டை ஊசியைக்கூடப் பிடுங்கிவிடும் என்றார் கமலா அக்கா. அந்த நிமிஷமே ஆனந்தராஜாவுக்குக் காந்தராஜா என்று பெயர் வைத்துவிட்டேன். அவர் முகத்துக்கு நேராகவும் அப்படியே கூப்பிட்டேன். அம்மா என் தொடையில் கிள்ளினார். அவரோ யோசித்துப் பார்த்துவிட்டு, "ஆனந்தத்தைவிட இது பொருத்தம்தான்" என்றார்.

*

அவருடைய வேலை என்னவென்று பலருக்குக் கடைசிவரை விளங்கவில்லை. அவர் எனக்குச் சொன்னமாதிரியே சொல்கிறேன். மூளையில் ஒரு இடம் வேலை செய்தால் அங்கே இரத்தம் கூடுதலாக ஓடிவருகிறது. அந்த இரத்தத்தைக் காந்தம் கண்டுபிடிக்கிறது. ஆனால் இரத்தம் சில வினாடி தாமதமாகத்தான் வரும். "தாலி கட்டி முடிஞ்ச பிறகு மேளம் வாற மாதிரி" என்றார். வழக்கமான ஸ்கேனில் மூளையைச் சீவிச் சீவி ஒவ்வொரு சீவலாகப் படம் எடுப்பதற்குள் மேளமும் போய், பந்தியும் முடிந்து, ஆட்கள் கைகழுவிவிடுவார்கள். ஆகவே முழுத் தலையையும் சில வினாடிக்குள் எடுக்க வேண்டும், திரும்பத் திரும்ப எடுக்க வேண்டும். வேகமாக எடுத்தால் படம் மங்கும். கூர்மையாக எடுத்தால் நேரம் போகும். இரண்டையும் சேர்த்துப் பிடிக்கத்தான் அவர் இங்கிலாந்தில் பல வருஷம் படித்தார், வேலை செய்தார். பிறகு குளிரும் தனிமையும் போதும் என்று ஊருக்கு வந்து, பழைய இயந்திரம் ஒன்றை வைத்துக்கொண்டு அதே வேலையைத் தொடர்ந்தார். வார நாட்களில் முழங்காலும் முதுகெலும்பும். ஞாயிறு காலையில் மூளை.

அந்தக் குழாய்க்குள் படுத்தவர்களுக்குத் தெரியும், வேகத்துக்கு விலை சத்தம். சாதாரண ஸ்கேன் யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி இருக்கும். இவருடைய வேக ஸ்கேன் கதவோடு சேர்த்து நம்மையும் தட்டுகிற மாதிரி. அதற்குள் அசையாமல் கிடக்க வேண்டும். ஒரு அரிசியளவு தலை நகர்ந்தாலும் எல்லாம் பாழ். கையில் ஒரு ரப்பர் பந்து தருவார்கள். ஏதாவது ஆபத்து என்றால் அமுக்க வேண்டும், வெளியே மணி அடிக்கும்.

நான் அமுக்கினேன். மணி அடித்தது. அவர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"என்ன பிள்ளை? என்ன செய்யுது?"

"மணி என்ன அங்கிள்?"

அவர் சுவர்க் கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்து நேரத்தைச் சொன்னார். போனார். மறுபடி அமுக்கினேன். மறுபடி ஓடிவந்தார்.

"இப்ப என்ன?"

"இது எத்தனையாவது ரன்? ஓடுறது நீங்களா நானா?"

ஒவ்வொரு தடவை படம் எடுப்பதையும் அவர்கள் ரன் என்று சொல்வார்கள், அதனால் கேட்டேன். அவர் இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கினார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திரும்பிப் போனார். குழாய் மறுபடி அதிரத் தொடங்கியது. நடுவில் திடீரென்று எல்லாச் சத்தமும் நின்றது. காதுக்குழலில் அவருடைய குரல் மட்டும் களைப்பாக வந்தது.

"பிள்ளை, கரண்ட் போயிட்டுது. எனக்கும் பசிக்குது. நாளைக்கு வாறன். நீ அப்படியே கிட."

"அங்கிள்! அங்கிள்! வெளிய விடுங்க, லா!"

"பந்தை அமுக்கிப் பார்."

அமுக்கினேன். மணி அடிக்கவில்லை. என் ஆயுளில் நான் அவ்வளவு அசையாமல் கிடந்ததில்லை. கொஞ்ச நேரத்தில் கட்டில் வெளியே நகர்ந்தது. அவர் மணியின் கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். "இப்ப எப்படி அசையாமல் இருக்கிறது எண்டு உனக்குத் தெரியும். அதே மாதிரி இரு" என்றார். கமலா அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்று எடுத்த படம் சுத்தமாக வந்தது.

*

அந்தப் படத்துக்கு நான் குழாய்க்குள் செய்ய வேண்டிய வேலை இதுதான்: காதில் ஒரு இங்கிலீஷ் எழுத்தைச் சொல்வார்கள், அந்த எழுத்தில் தொடங்கும் சொற்களை வாய் அசைக்காமல் மனத்துக்குள் சொல்லிக்கொண்டே போக வேண்டும். பிறகு சும்மா இருக்க வேண்டும். பிறகு இன்னொரு எழுத்து. சொல் தேடும்போது எந்த இடம் விழிக்கிறது, சும்மா இருக்கும்போது எது அடங்குகிறது என்று அவருடைய கணினி பிரித்துக்காட்டும்.

தொடங்குவதற்கு முன் அவர் அம்மாவிடம் ஒரு கேள்வி கேட்டார். "வீட்டில என்ன மொழி கதைக்கிறீங்கள்?"

"இங்கிலீஷ்" என்றார் அம்மா, ஒரு வினாடிகூடத் தாமதிக்காமல். "வீட்டில இங்கிலீஷ் மட்டும்தான்."

நம்மில் யாழ்ப்பாண வழிக் குமாஸ்தாக் குடும்பங்களைத் தெரிந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. தாத்தா ரயில்வே அலுவலகத்தில் எழுத்தர், அப்பா துறைமுக அலுவலகத்தில் எழுத்தர். விருந்தாளி வந்தால் மேசைவிரிப்பை எடுத்து விரிப்பதுபோல அம்மா இங்கிலீஷை எடுத்து விரிப்பார். விருந்தாளி போனதும் இரண்டையும் மடித்து வைத்துவிடுவார். மடித்து வைத்தபின் சாப்பாடு, சண்டை, கணக்கு, கவலை எல்லாம் தமிழில்தான். நானோ பக்கத்தில் இருக்கிறது என்பதற்காகத் தமிழ்ப்பள்ளியில் சேர்க்கப்பட்டு, மாடிப்படியில் பிள்ளைகளோடு கூச்சல் போட்டு வளர்ந்தவள். ஆனால் டாக்டர்களுக்கு முன்னால் இதையெல்லாம் யார் சொல்வார்கள்? தான் பொய் சொல்வதாக அம்மா நினைக்கவில்லை. எனக்கும் அது பொய்யாகத் தோன்றவில்லை. மருத்துவமனை என்றால் இங்கிலீஷ், அவ்வளவுதான். ஆனந்தராஜாவும் தலையாட்டிக்கொண்டார்.

படம் வந்தது. சாம்பல் நிறத் தலைக்குள் ஆரஞ்சு நிறத்தில் ஒரு புள்ளி. கட்டியிலிருந்து நல்ல தூரத்தில். டாக்டர் தியோ முகம் மலர்ந்தார். முழுக் கட்டியையும் எடுத்துவிடலாம், பயமில்லை என்றார். நாள் குறித்தார்கள். அம்மா கோவிலுக்குப் போய் அர்ச்சனை செய்தார்.

நாள் குறித்த பிறகு, ஒரு ஞாயிறு காலை, ஏதோ கையெழுத்துக்காக அம்மாவும் நானும் மறுபடி அவர் அறைக்குப் போனோம். அவர் கணினி முன்னால் பொட்டலத்தைப் பிரித்து நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கமலா அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டார். எனக்கு நல்ல மனநிலை. பிழைத்துவிட்டேன் அல்லவா? வாய் திறந்துவிட்டது. கமலா அக்காவின் புதுச் செருப்பு, வரவேற்பறையில் இருக்கும் மனிதரின் மீசை, புகையில் முகமூடி போட்டபிறகு ஊரே ஒரே அழகாகிவிட்டது என்று ஒன்றன்பின் ஒன்றாக அவிழ்த்துவிட்டேன். டாக்டர் தியோவின் நடையை நடந்தும் காட்டினேன். "இந்தப் புள்ளைக்கு வாயிலதான் மோட்டார் இருக்கு, லா!" என்று கமலா அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆனந்தராஜா சிரிக்கவில்லை. சோற்றுக்கை அந்தரத்தில் நின்றது.

"பிள்ளை, இதெல்லாம் எந்த மொழியில யோசிக்கிறாய்?"

"எதெல்லாம்?"

"இந்தப் பகிடியெல்லாம். இங்கிலீஷில யோசிச்சுத் தமிழில சொல்லுறியா?"

"இங்கிலீஷ்ல யாராவது பகிடி பண்ணுவாங்களா அங்கிள்? இங்கிலீஷ்ல லீவு லெட்டர்தான் எழுதலாம்."

அவர் பொட்டலத்தை மடித்தார். கை கழுவினார். வந்து அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்து, ரொம்ப மெதுவாகக் கேட்டார். "அம்மா, வீட்டில உண்மையா என்ன கதைக்கிறீங்கள்?"

அம்மாவின் முகம் எப்படிப் போனது என்று நான் எழுத மாட்டேன். "இங்கிலீஷும்தான் கதைக்கிறம்" என்றார். அந்த 'உம்' எங்கள் எல்லாருடைய காதிலும் விழுந்தது.

"என்ர அம்மாவும் என்னைப் பள்ளிக்கூடத்தில சேர்க்கேக்க இப்படித்தான் சொன்னவ" என்றார் அவர். "அப்ப எனக்கு இங்கிலீஷில ஒரு வசனம் வராது. நீங்கள் சொன்னதும் நான் நம்பினன். ஏன் நம்பினன் எண்டு இப்பதான் யோசிக்கிறன். கேக்க நல்லா இருந்தது." பிறகு எழுந்தார். "ஆபரேஷன் நாளை மாத்தச் சொல்லுறன். திரும்ப எடுக்க வேணும். தமிழில."

*

தமிழில் எடுப்பதற்கு அவரிடம் ஒன்றும் இல்லை. இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த பயிற்சியெல்லாம் இங்கிலீஷ் எழுத்துகளுக்கானவை. 'க' என்றால் எனக்குச் சொற்கள் வரும்தான், ஆனால் அது பரீட்சை மாதிரி இருக்கும் என்றார் அவர். கட்டிக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் நான் வீட்டில் எப்படிப் பேசுவேனோ அப்படிப் பேச வேண்டும், ஆனால் வாய் அசையக் கூடாது. யோசித்தார். கண்ணை மூடினார். தூங்கிவிட்டார் என்று நினைத்தோம். கண்ணைத் திறந்து அம்மாவிடம் சொன்னார்.

"நீங்கள் மைக்கில அவளைப் பேசுங்கோ. வீட்டில பேசுறமாதிரி. ஒரு வரி. பிள்ளை, நீ மனசுக்குள்ள எதிர்க்கதை சொல்லு. எத்தனை வேணுமெண்டாலும். நான் நிப்பாட்டு எண்டதும் நிப்பாட்டு."

ஒருவரைப் பேசுவது என்றால் எங்கள் வழக்கில் திட்டுவது. ஒரு தாய் தன் மகளைத் திட்டவும் மகள் வாய் திறக்காமல் கிடக்கவும் ஒரு மருத்துவமனை ஏற்பாடு செய்து கொடுத்தது. நான் குழாய்க்குள் போனேன். அதிரத் தொடங்கியது. அம்மாவின் குரல் முதலில் கூச்சமாக வந்தது.

"எடி, ஆறு மணிக்கு எழும்பச் சொன்னால் எப்ப எழும்புறாய்?"

இந்தப் புகையில் சூரியனே எழும்பவில்லை, நான் எழும்பி யாருக்கு வெளிச்சம் காட்ட என்று மனத்துக்குள் சொன்னேன். இன்னும் பத்துப் பதில் சொன்னேன். நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன்.

"இந்த நாக்கை வைச்சுக்கொண்டு எந்த வீட்டுக்கு வாழப்போறாய்?"

போகிற வீட்டில் நாக்குக்குத் தனி அறை கேட்பேன் என்றேன். அம்மாவுக்கும் சூடு பிடித்தது. குரலில் கூச்சம் போய், எங்கள் சமையலறை வந்துவிட்டது. துவைக்காத சட்டை, பள்ளியிலிருந்து வந்த புகார், அப்பாவின் குரலில் நான் யாருக்கோ தொலைபேசி செய்தது. அப்புறம் ஒரு வரி வந்தது. அது அவர் யோசித்துவைத்திருந்த வரி இல்லை என்று நினைக்கிறேன்.

"உனக்கு ஒண்டு நடந்தால் நான் யாரைப் பேசுறது?"

எனக்குப் பதில் வரவில்லை. குழாய் அதிர்ந்துகொண்டே இருந்தது. நிறுத்து என்ற குரல் வரவேயில்லை. அந்த ரன்னைக் கணக்கில் எடுக்கவில்லை என்று ஆனந்தராஜா பிறகு சொன்னார்.

புதுப் படத்தில் இரண்டு ஆரஞ்சுப் புள்ளிகள் இருந்தன. ஒன்று முன்பு பார்த்த இடத்தில். இன்னொன்று தமிழில் மட்டும் விழித்தது, கட்டியின் விளிம்பை ஒட்டி, பக்கத்து வீட்டுக்காரர்போலச் சாய்ந்துகொண்டு.

*

அந்த விளிம்பைத் தொடாமல் விடலாமா என்று ஆனந்தராஜா கேட்டது டாக்டர் தியோவுக்குப் பிடிக்கவில்லை. அவர் கெட்டவர் இல்லை. கட்டியை முழுசாக எடுத்தால்தான் வலிப்பு நிற்கும் என்பது அவருடைய கவலை. இங்கிலீஷ் மிஞ்சும், மலாயும் பெரும்பாலும் மிஞ்சும், பரீட்சைகள் எல்லாம் அவற்றில்தானே என்றார். அப்பா, உயிர்தான் முக்கியம் என்றார். எல்லாரும் என் தலைக்கு மேலே பேசிக்கொண்டிருந்தார்கள். என் தலையைப் பற்றித்தான் பேச்சு என்றாலும்.

ஆனந்தராஜா மறுநாள் வார்டுக்குத் தனியாக வந்தார். நான் வலிப்பு மாத்திரையின் மயக்கத்தில் சாய்ந்திருந்தேன். கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். அது முனகியது.

"எல்லாரிட்டயும் கேட்டாச்சு. வாய் உன்ர. நீ சொல்லு" என்றார்.

"உங்க படம் சரிதானா அங்கிள்?"

"தெரியாது." அவர் ஜன்னலைக் காட்டினார். "வெளிய புகை தெரியுது. எங்கயோ எரியுது எண்டு தெரியுது. எது எரியுது எண்டு இஞ்ச இருந்து தெரியுமா? நான் பார்க்கிறது இரத்தம் வாற இடம் மட்டும்தான் பிள்ளை. வேகமாப் பார்க்கிறன், கூர்மையாப் பார்க்கிறன். ஆனால் புகையைத்தான் பார்க்கிறன்."

எனக்கு அழுகை வந்தது. களைப்பாக இருந்ததால் அழவில்லை.

"இங்கிலீஷ்ல நான் நல்ல பொண்ணு அங்கிள்" என்றேன். "ப்ளீஸ், தேங்க்யூ, சாரி. மலாய்ல கடைக்குப் போற பொண்ணு. அந்த ரெண்டு பேர் மட்டும் மிஞ்சினா வீட்ல எல்லாருக்கும் நிம்மதிதான். ஆனா எனக்கு அவங்க ரெண்டு பேரையும் அவ்வளவாப் பழக்கமில்ல."

அவர் விரலை மடித்து ஒவ்வொன்றாகச் சொன்னார். தமிழ் இருக்கும் இடத்தை விட்டுவைத்தால் கட்டியில் கொஞ்சம் உள்ளேயே மிஞ்சும். வலிப்பு திரும்ப வரலாம். மிஞ்சியது வளரலாம். அவருடைய படம் பிழையாக இருந்தால் இதெல்லாம் வீணாகவும் போகலாம்.

"தெரிஞ்சுதான் சொல்லுறியா?"

"தெரிஞ்சுதான்."

"சரி. அப்ப நான் போய்த் தியோவோட சண்டை பிடிக்கிறன்." எழுந்தார். கதவருகில் நின்று, "களைப்பா இருக்கு" என்றார். ஆனாலும் போனார். ஒரு வாரம் அந்தச் சண்டை நடந்ததாகக் கமலா அக்கா பிறகு சொன்னார். டாக்டர் தியோ கடைசியில் அந்தப் படத்தை அறுவை அறைச் சுவரில் ஒட்டச் சொன்னாராம்.

அறுவைக்குப் பிறகு எந்த மொழியும் வரவில்லை. வீக்கம் வடிந்தால் வரலாம் என்றார்கள். வரலாம் என்பது எவ்வளவு நீளமான சொல் என்று படுத்துக்கிடந்தால் தெரியும். வந்தவர்கள் எல்லாரும் என் முன்னால் பேனாவையும் கரண்டியையும் நீட்டினார்கள். இது என்ன, சொல்லு, சொல்லு. எனக்குத் தெரியும். சொல் மட்டும் வராது. மேடையில் நின்ற அந்த நிமிஷம் முடியாமல் நீண்டுகொண்டே போனது.

அவர் மட்டும் எதையும் நீட்டவில்லை. வேலை முடிந்து மாலையில் வருவார். பார்வையாளர் நாற்காலியில் உட்கார்வார். "களைச்சுப்போனன் பிள்ளை" என்பார். அடுத்த வினாடி தூங்கிவிடுவார். ஒரு நாள் அப்படித் தூங்கும்போது அவர் மூக்கிலிருந்து அந்த வேக ஸ்கேனுக்குச் சமமான சத்தம் கிளம்பியது. பக்கத்துக் கட்டில் பாட்டி திரும்பிப் படுத்தார். மாத்திரை கொண்டுவந்த கமலா அக்கா சங்கடமாக நெளிந்தார்.

"அங்கிள், குறட்டை" என்றேன்.

கமலா அக்கா தட்டைப் போட்டுவிட்டார். மாத்திரைகள் உருண்டன. அவர் திடுக்கிட்டு விழித்து, "என்ன? ரன் முடிஞ்சுதா?" என்றார். அம்மா வெளியிலிருந்து ஓடிவந்து, யாரிடம் என்ன கேட்பது என்று தெரியாமல், "எடி, என்ன சொன்னாய்? பெரியாக்களைப் பார்த்து இப்படியா கதைக்கிறது?" என்று தமிழில் என்னைத் திட்டத் தொடங்கினார். திட்டிக்கொண்டே இருந்தார். ஆனந்தராஜா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு என்னிடம், "பதில் சொல்லு. இப்ப வாய் அசையலாம்" என்றார்.

*

அவருடைய இறுதிச் சடங்குக்குப் போனேன். முகமூடி போட்டுக்கொண்டு நின்றவர்களில் யார் அழுகிறார்கள் என்று தெரியவில்லை. அவர் இவ்வளவு வேலையை ஒரு பழைய இயந்திரத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில், உதவிக்கு ஆளில்லாமல் செய்தார் என்று ஒருவர் பேசினார். உண்மைதான். அதை அவர் உயிரோடு இருக்கும்போது யாராவது சொல்லி, ஒரு ஞாயிறாவது அவரை வீட்டில் இருக்க விட்டிருக்கலாம். எனக்குக் கோபப்படவும் தெம்பில்லை. சீக்கிரம் வந்து படுத்துவிட்டேன்.

இப்போது நான் மெதுவாகப் பேசுகிறேன். சில சொற்கள் கேட்டவுடன் வருவதில்லை, கொஞ்ச தூரம் போய் அழைத்துவர வேண்டியிருக்கிறது. பகிடி சொல்லிமுடிப்பதற்குள் நண்பர்கள் அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார்கள். வலிப்பு இரண்டு தடவை திரும்ப வந்தது. என் தலைக்குள் ஒரு கச்சான் கொட்டை, அதாவது நிலக்கடலை, அளவுக்குக் கட்டி இன்னும் இருக்கிறது. அது அப்படியே இருக்கிறதா, வளர்கிறதா என்று அவ்வப்போது பார்க்க வேண்டும். அடுத்த தடவை அந்த நாற்காலியில் யார் இருப்பார் என்று தெரியவில்லை. வளர்ந்திருந்தால் மறுபடி எல்லாரும் என் தலைக்கு மேலே பேசுவார்கள். அவர் இல்லாமல் அந்தச் சண்டையை நானேதான் பிடிக்க வேண்டும்.

ஆனந்தராஜா அங்கிளுடையதாக என்னிடம் இருப்பது அந்தக் கச்சான் கொட்டைதான். எடுத்துவிடுங்கள் என்று எல்லாரும் சொன்னபோது அவர் விட்டுவைக்கச் சொன்னது. அதன் மேல் சாய்ந்துகொண்டு என் தமிழ் இருக்கிறது. நீங்கள் இதுவரை வாசித்தது அங்கேயிருந்து வந்தது.